காரில் நைட்ரஸ்: ஒரு பட்டனில் வேகம் கிடைக்கும்... திருவள்ளூர் வெயிலும் இந்தியச் சட்டமும் அதைத் தாங்குமா?

செங்குன்றத்தைத் தாண்டி கொல்கத்தா நெடுஞ்சாலையில் வடக்கே போனால் சோழவரம் வரும். இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமான ஓடுதளம் ஒன்று அங்கே இருந்தது. அந்த ஓடுதளத்தில்தான் 1950-களில் தொடங்கி 1980-கள் வரை தென்னிந்தியாவின் பெரிய கார், பைக் பந்தயங்கள் நடந்தன. பிறகு பந்தயம் இருங்காட்டுக்கோட்டைக்கு இடம் மாறியது. வேக ஆசை மட்டும் இந்தப் பக்கத்தை விட்டுப் போகவில்லை.

இன்று அந்த ஆசை போனில் வருகிறது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிப்ட் முடித்துவிட்டு ரீல்ஸ் பார்க்கும் ஒருவருக்கு, ஸ்டியரிங்கில் ஒரு சிவப்பு பட்டன், டிக்கியில் ஒரு நீல பாட்டில், பின்னால் சறுக்கும் டயர் என்று வரிசையாக வீடியோக்கள் வருகின்றன. "மச்சான், இன்ஜினைப் பிரிக்கவே வேணாம். ஒரு கிட் போட்டா போதும்" என்று யாராவது ஒருவர் சொல்வார்.

அந்தக் கிட்டின் பெயர் நைட்ரஸ். சாலையில் ஓடும் காருக்கு அதைத் தேர்வு செய்வது எப்படி என்று இணையத்தில் ஆயிரம் பேர் சொல்லித் தருகிறார்கள். ஆனால் பெரும்பாலும் அந்த அறிவுரை அமெரிக்கப் பெட்ரோலுக்கும் அமெரிக்க வானிலைக்கும் அமெரிக்கச் சட்டத்துக்கும் எழுதப்பட்டது. நம்ம ஊருக்கு அது பொருந்துமா? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

நைட்ரஸ் ஒரு எரிபொருளா?

இல்லை. இதுதான் பலரும் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம். நைட்ரஸ் ஆக்சைடு தானாகத் தீப்பிடிக்கும் பொருள் அல்ல. மற்றது எரிய உதவும் பொருள். மருத்துவமனையில் மயக்க மருந்தோடு கொடுக்கப்படும் அதே 'சிரிப்பு வாயு'தான்.

இன்ஜினின் சக்தி, அது எவ்வளவு பெட்ரோலை எரிக்கிறது என்பதைப் பொறுத்தது. அதிகப் பெட்ரோலை எரிக்க அதிக ஆக்சிஜன் வேண்டும். நாம் சுவாசிக்கும் காற்றின் எடையில் சுமார் 23 சதவீதம்தான் ஆக்சிஜன். நைட்ரஸில் அது 36 சதவீதம். சிலிண்டருக்குள் இருக்கும் வெப்பத்தில் நைட்ரஸ் மூலக்கூறு உடைந்து ஆக்சிஜனை விடுவிக்கிறது. அதற்கேற்ற கூடுதல் பெட்ரோலும் சேர்ந்தால் கூடுதல் சக்தி கிடைக்கிறது.

இன்னொரு லாபமும் உண்டு. பாட்டிலில் திரவமாக இருக்கும் நைட்ரஸ் வெளியே வந்ததும் ஆவியாகிறது. அதன் கொதிநிலை மைனஸ் 88 டிகிரி. எனவே இன்ஜினுக்குள் போகும் காற்றையும் அது சில்லென்று ஆக்கிவிடுகிறது. குளிர்ந்த காற்று அடர்த்தியானது. அதே இடத்தில் இன்னும் கொஞ்சம் ஆக்சிஜன் அடங்கும்.

இது புதிய கண்டுபிடிப்பும் அல்ல. இரண்டாம் உலகப்போரில் காற்று மெலிந்த உயரத்தில் பறக்கும் போர் விமானங்களுக்கு ஜெர்மனி இதைப் பயன்படுத்தியது. 1978-ல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட 'நாஸ்' நிறுவனம் இதைக் கார் உலகுக்குப் பரப்பியது. 2001-ல் வந்த 'தி ஃபாஸ்ட் அண்ட் தி ஃபியூரியஸ்' படம் மிச்ச வேலையைச் செய்துவிட்டது.

எத்தனை வகை இருக்கிறது?

அடிப்படையில் மூன்று.

*டிரை கிட்:* நைட்ரஸை மட்டும் காற்றுக்குழாயில் பீய்ச்சும். கூடுதல் பெட்ரோலை காரின் சொந்த இன்ஜெக்டர்களே தர வேண்டும். அதாவது, காரின் கம்ப்யூட்டரான இசியூவுக்கு 'இப்போது கூடுதல் பெட்ரோல் வேண்டும்' என்று தெரிய வேண்டும். நம் சிறிய கார்கள் பலவற்றில் காற்றின் அளவை நேரடியாக அளக்கும் சென்சார் கிடையாது. அழுத்தத்தை வைத்து இசியூ கணக்குப் போடும். நைட்ரஸ் உள்ளே வந்தது அதற்குத் தெரியாது. இசியூவை மறுபடி ட்யூன் செய்யாமல் டிரை கிட் போட்டால், ஆக்சிஜன் அதிகம், பெட்ரோல் குறைவு என்ற நிலை வரும். பிஸ்டன் உருகுவது பெரும்பாலும் இப்படித்தான்.

*வெட் கிட்:* நைட்ரஸையும் பெட்ரோலையும் ஒரே நாசிலில் கலந்து அனுப்பும். பெட்ரோல் பற்றாக்குறை என்ற ஆபத்து குறைவு. ஆனால் இன்றைய கார்களின் இன்டேக் மேனிஃபோல்டு பெரும்பாலும் பிளாஸ்டிக். காற்று மட்டும் போகும்படி வடிவமைத்தது. அதில் பெட்ரோல் ஓடும்போது வளைவுகளில் தேங்கலாம். தேங்கிய பெட்ரோலும் நைட்ரஸும் தவறான நேரத்தில் பற்றினால் மேனிஃபோல்டே வெடித்துச் சிதறும்.

*டைரக்ட் போர்ட்:* ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனி நாசில். பங்கீடு துல்லியமாக இருக்கும். விலை அதிகம், பொருத்தும் வேலையும் அதிகம். இது முழுக்க முழுக்கப் பந்தய கார்களுக்கானது.

எந்த வகையாக இருந்தாலும், எவ்வளவு சக்தி சேரும் என்பதை முடிவு செய்வது 'ஜெட்' எனப்படும் ஒரு சிறிய துளை. 25 குதிரைத்திறன், 50, 75 என்று ஜெட்டை மாற்றிக்கொண்டே போகலாம். பாட்டில் அதேதான், பட்டனும் அதேதான். 'இன்னும் கொஞ்சம்' என்ற சபலம் இவ்வளவு சுலபமாக இருப்பதுதான் இதில் பெரிய சிக்கல்.

என் காருக்கு 50 குதிரைத்திறன் சேர்த்தால் என்ன ஆகும்?

இதற்கு விடை திருவள்ளூரிலேயே இருக்கிறது. ஒரு காலத்தில் மிட்சுபிஷி லான்சர் தயாரான இந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலை திருவள்ளூரில்தான் இருக்கிறது. ட்யூனிங் பிரியர்களுக்கு லான்சர் எப்போதுமே செல்லப்பிள்ளை. இன்று அதே இடத்தில் சிட்ரோன் கார்கள் தயாராகின்றன.

2022-ல் அறிமுகமான சிட்ரோன் சி3 காரை எடுத்துக்கொள்வோம். 1.2 லிட்டர் இன்ஜின் இரண்டு வடிவங்களில் வந்தது. டர்போ இல்லாதது 82 குதிரைத்திறன், 115 நியூட்டன் மீட்டர் டார்க். டர்போ உள்ளது 110 குதிரைத்திறன், 190 நியூட்டன் மீட்டர். வித்தியாசம் வெறும் 28 குதிரைத்திறன்தான். அந்த 28-க்காக கம்பெனி டர்போ வைத்தது, அதற்கேற்ற இசியூ கணக்கு எழுதியது, 5 கியர் பெட்டிக்குப் பதில் 6 கியர் பெட்டி கொடுத்தது.

82 குதிரைத்திறன் காரில் '50 ஷாட்' நைட்ரஸ் போடுவது என்றால், கம்பெனி இத்தனை பாகங்களை மாற்றிச் சேர்த்த சக்தியைவிட ஏறக்குறைய இரு மடங்கை, ஒரு பாகத்தையும் மாற்றாமல் சேர்ப்பது. பிஸ்டன், கனெக்டிங் ராடு, கிளட்ச், கியர்பாக்ஸ் எல்லாம் பழைய 82-க்குக் கணக்குப் போட்டவை. பிரேக்கும் டயரும்கூட அப்படித்தான்.

அதனால்தான் பந்தயத்தில் முறையாக நைட்ரஸ் பயன்படுத்துகிறவர்கள் பட்டனோடு நிறுத்துவதில்லை. அவர்கள் சேர்ப்பவை இவை:

• ஆக்சிலரேட்டர் முழுதாக மிதிபட்டால் மட்டும் நைட்ரஸைத் திறக்கும் சுவிட்ச்
• சுமார் 3,000 ஆர்பிஎம்முக்குக் கீழேயும், ரெவ் லிமிட்டுக்கு அருகிலும் நைட்ரஸை நிறுத்தும் 'விண்டோ சுவிட்ச்'
• பெட்ரோல் அழுத்தம் குறைந்தால் உடனே மூடும் சுவிட்ச்
• ஒரு படி குளிர்ந்த ஸ்பார்க் பிளக்
• ஒவ்வொரு 50 குதிரைத்திறனுக்கும் சுமார் 2 டிகிரி தாமதப்படுத்திய இக்னிஷன்

இதில் ஒன்று விட்டுப்போனாலும் விலை இன்ஜின்தான். ரீல்ஸில் இந்தப் பட்டியல் வருவதில்லை. பட்டன் மட்டும்தான் வருகிறது.

நம்ம பங்க் பெட்ரோல் ஒத்துவருமா?

நைட்ரஸ் எரியும்போது சிலிண்டருக்குள் அழுத்தமும் வெப்பமும் கிடுகிடுவென ஏறும். பெட்ரோல் தன் நேரத்துக்கு முன்பே வெடித்தால் 'நாக்கிங்' வரும். அதைத் தாங்க அதிக ஆக்டேன் வேண்டும். 95, 100 ஆக்டேன் பிரீமியம் பெட்ரோல் சென்னையில் குறிப்பிட்ட சில பங்குகளில் கிடைக்கிறது.

இன்னொரு விஷயம் எத்தனால். இப்போது நாம் போடுவது 20 சதவீத எத்தனால் கலந்த இ20. எத்தனால் ஆக்டேனை உயர்த்தும், அது நல்லது. ஆனால் எத்தனாலுக்குக் காற்று குறைவாகவே தேவை. அதாவது, அதே அளவு ஆக்சிஜனை எரித்து முடிக்க சுத்தப் பெட்ரோலைவிட இ20 கொஞ்சம் அதிகம் வேண்டும். வெட் கிட்டோடு வரும் ஜெட் அட்டவணை வெளிநாட்டுப் பெட்ரோலுக்குப் போட்ட கணக்கு. அதை அப்படியே இங்கே பொருத்தினால் கலவை சில சதவீதம் பெட்ரோல் குறைவான பக்கம் சாயும். சாதாரண ஓட்டத்தில் இசியூ அதைச் சரிசெய்துவிடும். நைட்ரஸ் நாசிலுக்கு இசியூ கிடையாது.

அசல் வில்லன்: நம்ம வெயில்

இதைப் பற்றி வெளிநாட்டு வீடியோக்களில் பேச மாட்டார்கள். காரணம், அவர்களுடைய பிரச்சினை தலைகீழானது. குளிர் நாட்டில் பாட்டில் குளிர்ந்து அழுத்தம் குறைந்துவிடும் என்று, பாட்டிலைச் சுற்றி ஹீட்டர் கட்டுவார்கள்.

நைட்ரஸ் ஆக்சைடுக்கு ஓர் எல்லை வெப்பநிலை உண்டு: 36.4 டிகிரி செல்சியஸ். அதற்கு மேலே போனால், எவ்வளவு அழுத்தம் கொடுத்தாலும் அது திரவமாக இருக்காது. அந்த எல்லையில் பாட்டிலுக்குள் சுமார் 72 பார் அழுத்தம் இருக்கும். காரின் டயரில் இருப்பது சுமார் 2 பார். எல்லையைத் தாண்டியபின் ஒவ்வொரு டிகிரிக்கும் அழுத்தம் வேகமாக ஏறும். பாட்டிலை அளவுக்கு மீறி நிரப்பியிருந்தால் இன்னும் வேகமாக ஏறும்.

மே மாதம் திருத்தணியில் நிழலிலேயே 40 டிகிரியைத் தாண்டுவது புதிதல்ல. சிப்காட்டில் மரமில்லாத பார்க்கிங்கில் காலை ஷிப்டுக்கு விட்ட கார், மதியம் எப்படி இருக்கும் என்று கதவைத் திறந்தவர்களுக்குத் தெரியும். அந்தக் காரின் டிக்கியில் பாட்டில் இருந்தால் அது நாள் முழுக்க எல்லைக்கு மேலேதான் இருக்கும். இதன் விளைவு இரண்டு.

முதலாவது, கணக்கு தப்பும். ஜெட் அளவு ஒரு குறிப்பிட்ட பாட்டில் அழுத்தத்துக்குப் போட்டது. அழுத்தம் ஏறினால் நைட்ரஸ் அதிகம் பாயும். பெட்ரோல் அதே அளவில்தான் வரும். மறுபடியும் அதே பிஸ்டன் உருகும் கதை.

இரண்டாவது, உயிர். அழுத்தம் எல்லை மீறினால் பாட்டில் வெடிக்காமல் இருக்க, வால்வில் ஒரு மெல்லிய பாதுகாப்புத் தகடு இருக்கும். அது கிழிந்து வாயுவை வெளியேற்றும். எங்கே வெளியேற்றும்? முறையான கிட்டில் காருக்கு வெளியே போக ஒரு குழாய் இருக்கும். குழாய் வைக்காமல் விட்டால் காருக்குள்ளேதான். 4.5 கிலோ நைட்ரஸ் வாயுவானால் சுமார் 2,500 லிட்டர். நாம் ஓட்டும் ஹேட்ச்பேக்கில் டிக்கி தனி அறை கிடையாது. பின் சீட்டுக்குப் பின்னால் ஒரு தட்டு, அவ்வளவுதான். ஒரு சிறிய ஹேட்ச்பேக்கின் உள்ளே இருக்கும் காற்று முழுவதையும் வெளியே தள்ளக்கூடிய அளவு அது. ஏசி போட்டுக் கண்ணாடியை ஏற்றிய காரில், நெடுஞ்சாலை வேகத்தில், ஓட்டுநருக்கு மயக்கம் வர அதிக நேரம் ஆகாது.

பாட்டிலை எங்கே நிரப்புவது?

ஆசை பெரும்பாலும் இங்கேதான் முட்டி நிற்கும். 100 குதிரைத்திறன் ஷாட் என்றால் 4.5 கிலோ பாட்டில் மொத்தமாக இரண்டு நிமிடம்கூடத் தாங்காது. பிறகு?

இந்தியாவில் அழுத்த வாயு சிலிண்டர்கள் 2016-ம் ஆண்டு எரிவாயு சிலிண்டர் விதிகளின் கீழ் வருகின்றன. கண்காணிப்பது மத்திய அரசின் பெட்ரோலியம் மற்றும் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பான பெசோ. சிலிண்டருக்கு அதன் ஒப்புதல் வேண்டும், இறக்குமதிக்கு அனுமதி வேண்டும், நிரப்பும் இடத்துக்கு உரிமம் வேண்டும். வெளிநாட்டிலிருந்து கூரியரில் வரவழைத்த பாட்டிலை உரிமம் பெற்ற நிலையம் எதுவும் நிரப்பித் தராது, தரவும் கூடாது.

அதனால் 'அண்ணே, ஆஸ்பத்திரி சிலிண்டர்ல இருந்து மாத்திக்கலாம்', 'பழைய தீயணைப்பான் பாட்டில் ஒன்னு இருக்கு' என்று குறுக்கு வழிகள் முளைக்கின்றன. தொழிற்பேட்டை என்பதால் ஃபிட்டிங், ஹோஸ், லேத் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. அதுதான் பயம். அந்த ஹோஸின் உள்ளே ஒரு துளி கிரீஸோ எண்ணெயோ இருந்தால் போதும். நைட்ரஸ் அழுத்தத்தோடு பாயும்போது அது தீப்பொறியாகலாம்.

பழகிய கைகளுக்கே இது தவறியிருக்கிறது. 2007-ல் கலிஃபோர்னியாவின் மொஹாவி பாலைவனத்தில் விண்வெளி ஊர்திக்கான நைட்ரஸ் சோதனை ஒன்றில் மூன்று தொழிலாளர்கள் இறந்தார்கள். அன்று எதையும் பற்றவைக்கவே இல்லை; நைட்ரஸைப் பாய்ச்சிப் பார்த்தார்கள், அவ்வளவுதான். 2016 ஆகஸ்டில் ஃபுளோரிடாவில் நைட்ரஸ் தயாரிப்பு ஆலை ஒன்று வெடித்து ஒரு தொழிலாளி பலியானார். டேங்கருக்கு மாற்றும்போது பம்ப் நைட்ரஸை அளவுக்கு மீறிச் சூடேற்றியதே பெரும்பாலும் காரணம் என்று அமெரிக்க ரசாயனப் பாதுகாப்பு வாரியம் முடிவுக்கு வந்தது. ஆலையிலேயே இந்த நிலை என்றால், ஷெட்டுக்குப் பின்னால் ஸ்பேனரோடு நிற்பவரின் நிலையை யோசியுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு தெளிவாகச் சொல்கிறது: தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்ட அம்சங்களுக்கு மாறாக, ஆர்சி புத்தகத்தில் உள்ள விவரங்கள் மாறும்படி வாகனத்தை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில், கேரளாவிலிருந்து வந்த ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை அழுத்தமாக உறுதி செய்தது.

அதே ஆண்டு வந்த திருத்தச் சட்டம் தண்டனையையும் கூட்டியது. 182-ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத மாற்றம் செய்யும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். சாலையில் பந்தயம் விட்டால் அது தனிக் கணக்கு. 189-வது பிரிவில் முதல் முறை மூன்று மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம். மறுபடி சிக்கினால் ஓராண்டு வரை சிறை அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம். இரண்டும் சேர்ந்தும் விதிக்கப்படலாம்.

'ஐயாயிரம்தானே' என்று நினைக்கலாம். அசல் செலவு வேறு இடத்தில் இருக்கிறது. விபத்து நடந்து, சர்வேயர் டிக்கியைத் திறந்து பாட்டிலைப் பார்த்தால், சொல்லாமல் செய்த மாற்றத்தைக் காட்டிக் காப்பீட்டு நிறுவனம் கிளைமை மறுக்க வழி கிடைக்கிறது. காரின் வாரன்டியும் போகும். எதிரே வந்தவருக்குத் தர வேண்டிய இழப்பீடு உங்கள் தலையில் விழும் நிலையும் வரலாம்.

சிஎன்ஜி சிலிண்டர் மட்டும் எப்படி அனுமதிக்கிறார்கள்?

நியாயமான கேள்வி. சிஎன்ஜி பாட்டிலில் 200 பார் அழுத்தம் இருக்கிறது, நைட்ரஸைவிட அதிகம். ஆனாலும் டாக்சிகள் ஓடுகின்றன.

வித்தியாசம் வாயுவில் இல்லை, ஏற்பாட்டில் இருக்கிறது. சிஎன்ஜி கிட்டுக்கு அங்கீகரிக்கப்பட்ட சோதனை மையத்தின் சான்று உண்டு, பெசோ ஒப்புதல் பெற்ற சிலிண்டர் உண்டு, மூன்று ஆண்டுக்கு ஒருமுறை அழுத்தச் சோதனை உண்டு, ஆர்சி புத்தகத்தில் பதிவு உண்டு. நிரப்ப பங்க் இருக்கிறது. சாலையில் ஓடும் காருக்கான நைட்ரஸ் கிட்டுக்கு இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணிகூடக் கிடையாது.

அப்போ வேகம் பிடிச்சவங்க என்னதான் செய்யறது?

சாலையில் ஓட்டும் காருக்கு எந்த நைட்ரஸ் கிட் நல்லது என்று கேட்டால், நேர்மையான பதில்: எதுவும் வேண்டாம். அதே பணத்தில் செய்யக்கூடியவை இருக்கின்றன.

ஒன்று, அடுத்த கார் வாங்கும்போது டர்போ வடிவத்தை எடுப்பது. கூடுதல் சக்தி வாரன்டியோடும் இன்சூரன்ஸோடும் வரும்; பாட்டில் தீராது. இரண்டு, நல்ல டயர், நல்ல பிரேக் பேட். ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும், இதுவே காரின் குணத்தை மாற்றிவிடும். மூன்று, இருங்காட்டுக்கோட்டையிலோ கோவையின் கரி மோட்டார் ஸ்பீட்வேயிலோ பந்தயப் பயிற்சி. அங்கே எதிரே லாரி வராது, ஆம்புலன்ஸ் தயாராக நிற்கும்.

பந்தயத்துக்கு மட்டுமே என்று தனியாக ஒரு கார் வைத்திருந்தால் கதை வேறு. அப்போதும் முதலில் போட்டியின் விதிப்புத்தகத்தைப் பாருங்கள். நைட்ரஸ் அனுமதியா என்பது பிரிவுக்குப் பிரிவு மாறும். அனுமதி இருந்தால் சிறிய ஜெட், வெட் கிட், மேலே சொன்ன எல்லா சுவிட்சுகளும், வெளியே போகும் குழாய், ஒப்புதல் உள்ள பாட்டில். இதில் எதையும் 'அப்புறம் பார்த்துக்கலாம்' என்று தள்ள முடியாது.

கடைசியாக அந்தச் சாலையைப் பற்றி ஒரு வார்த்தை. 2022-ல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். அதில் 71 சதவீதத்துக்கும் மேல் அதிவேகத்தால். அந்த ஆண்டு அதிக விபத்துகள் நடந்த மாநிலம் தமிழ்நாடு: 64,105. காரனோடையிலிருந்து கவரைப்பேட்டை வழியாக கும்மிடிப்பூண்டி வரை இரவில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர், ஓரத்தில் விளக்கில்லாமல் நிற்கும் டிரெய்லர், ஷிப்ட் முடிந்து சாலையைக் கடக்கும் பெண்கள், எதிர்த் திசையில் வரும் டிவிஎஸ் 50. பட்டனை அழுத்தும் அந்தப் பத்து நொடியில் அவர்களில் யாருக்கும் காரில் பாட்டில் இருப்பது தெரியாது.

சோழவரத்தில் பந்தயம் விட்டவர்கள் அதற்கென்று ஓர் ஓடுதளத்தைத் தேடிப் போனார்கள். அந்த ஊர்ப் பாரம்பரியத்தில் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது அதைத்தான்.